உப்புக் காற்றுக்கு நடுவே நல்ல தண்ணீர்: ராமநாதபுரம் கடற்கரை வீடுகளுக்கான மழைநீர் சேகரிப்பு வழிகாட்டி

மழைநீர் சேகரிப்பு என்றால் நம் கடற்கரை ஊர்களில் பலருக்கும் நினைவுக்கு வருவது வீட்டோரத்தில் ஒரு குழி, அதற்குள் நாலு கூடை ஜல்லி, மேலே ஒரு சிலாப்பு. கட்டட அனுமதிக்குக் காட்டியதோடு அதன் வேலை முடிந்துவிடும். மேட்டு நிலத்து ஊர்களுக்குச் சரிப்பட்ட குழியை அப்படியே இங்கே கொண்டுவந்து வைத்ததில்தான் சிக்கல். தொண்டியிலிருந்து சாயல்குடி வரைக்கும், நடுவில் ராமேஸ்வரம் தீவிலும், மண்ணுக்குள் விட்ட நல்ல தண்ணீரை நல்ல தண்ணீராகவே திரும்ப எடுத்துவிடலாம் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆகவே இங்கே வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும்: குடிக்கவும் சமைக்கவும் முதலில் தொட்டி, அது நிரம்பி வழிவது மட்டும் மண்ணுக்கு. சட்டமும் இதற்குக் குறுக்கே வராது. அது குறுக்கே வரும் இடங்கள் வேறு. அவற்றையும் கீழே சொல்கிறேன்.

கணக்கு: எவ்வளவு கிடைக்கும், எவ்வளவு போதும்

ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டால் மீதி எல்லாம் பெருக்கல்தான்.

600 சதுர அடி மொட்டைமாடி என்பது சுமார் 56 சதுர மீட்டர். தெறிப்பது, தளம் உறிஞ்சுவது, ஆவியாவது என்று ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் ஒவ்வொரு மில்லிமீட்டர் மழைக்கும் 45 லிட்டர் கையில் நிற்கும். மாவட்டத்தின் சராசரி மழை ஆண்டுக்கு 800 மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும். ஆக, ஒரு சின்ன வீட்டின் கூரையிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 36,000 லிட்டர்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ‘ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை’ என்பது நமக்குப் பழமொழி மட்டுமல்ல, கிட்டத்தட்ட முழு ஆண்டின் வரவு செலவு. பெரும்பகுதி மழை வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. சராசரி ஆண்டு மழையில் பாதி அது. அன்றைக்கு மேலே சொன்ன 600 சதுர அடிக் கூரையிலிருந்து மட்டும் 18,000 லிட்டர் இறங்கியிருக்கும். எல்லாவற்றையும் பிடித்துவைக்கத் தொட்டி கட்டினால் வீட்டுக்கு இடம் மிஞ்சாது.

அதனால் கணக்கைத் தேவையின் பக்கமிருந்து போடுங்கள். நாலு பேர் உள்ள வீட்டில் குடிக்கவும் உலை வைக்கவும் ஆளுக்கு 7 லிட்டர் என்றால் நாளைக்கு 28 லிட்டர். தை முதல் புரட்டாசி வரை ஒன்பது மாதம், 270 நாள்: 7,560 லிட்டர். 8,000 லிட்டர் தொட்டி ஒன்று இருந்தால் போதும், குடிதண்ணீருக்குத் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போக வேண்டியதில்லை. 15 லிட்டர் குடத்தில் எண்ணினால் அது ஐந்நூறு குடத்துக்கு மேல். குளிக்கவும் துவைக்கவும் கிணற்றுத் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ இருக்கட்டும். மழைநீரை அதற்குச் செலவழித்தால் மாசி மாதத்தைத் தாண்டாது.

கூரை

கான்கிரீட் தளமும் ஓடும் நல்லவை. தகரக் கூரையில் துரு இல்லாதவரை பிரச்சினை இல்லை. ஆனால் நம் காற்றில் தகரம் எத்தனை ஆண்டு தாங்கும் என்பது உங்களுக்கே தெரியும். ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தண்ணீரைக் குடிக்க எடுக்காதீர்கள். பனை ஓலை, தென்னங்கீற்று வேய்ந்த வீட்டில் தண்ணீர் பழுப்பாக இறங்கும். அங்கே முற்றத்தில் நாலு கம்பு நட்டுச் சுத்தமான தார்பாயை நடுவில் குழிவாகக் கட்டி, குழிவின் ஓட்டையில் குழாய் பொருத்திப் பிடிக்கலாம். 100 சதுர அடித் தார்பாய் பிடிப்பது கொஞ்சம்தான் என்றாலும், மழைக்காலத்தில் ட்ரம்கள் நிரம்பும்.

மொட்டைமாடியில் கருவாடு காயப்போடும் வழக்கம் உள்ள வீடுகள் அதை ஆவணியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். காகம் கொண்டுவந்து போடும் மீன் முள்ளும் செதிலும் போதாதென்று நாமும் சேர்க்க வேண்டாம். அப்புறம் உப்பு. சித்திரையிலிருந்து கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்கள் முழுக்க, தென்கடலை ஒட்டிய வீடுகளின் தளத்தில் உப்பும் மணலும் மெல்லியதாகப் படிந்துகொண்டே இருக்கும். புரட்டாசிக் கடைசியில் தளத்தைப் பெருக்கி, தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கழுவிவிடுங்கள். வெள்ளையடிக்க வேண்டுமென்றால் சுண்ணாம்பு அடியுங்கள். வெப்பத்தைத் தணிக்கும் ரசாயனப் பூச்சு அடித்த தளமாக இருந்தால், அது குடிநீருக்கு ஏற்றதா என்று டப்பாவில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

குழாயும் முதல் மழையும்

இந்த ஊர் மழை தூறுவதில்லை, கவிழ்க்கும். மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் பெய்தால் ஒரு நாலு அங்குலக் குழாய் நாற்பத்துச் சொச்சம் சதுர மீட்டர் கூரையைத்தான் சமாளிக்கும். 600 சதுர அடித் தளத்துக்கு இரண்டு இறக்குக் குழாய் வையுங்கள். பிவிசி குழாயே போதும். அதைச் சுவரோடு பிடிக்கும் கிளாம்பில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்: இரும்புக் கிளாம்பு உப்புக் காற்றில் அரித்து, வாடைக் காற்றில் குழாயோடு கழன்று விழும். பிளாஸ்டிக் கிளாம்பு, துருப்பிடிக்காத எஃகு ஆணி. தளத்தின் வாயில் இலை தடுக்கும் சல்லடை.

முதல் மழையை விட்டுவிட வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். எவ்வளவு விட வேண்டும்? உள்நாட்டு ஊர்களில் கூரையைக் கழுவ ஒரு மில்லிமீட்டர் போதும் என்பார்கள். உப்புப் படியும் இடத்தில் இரண்டு மில்லிமீட்டர் விடுவது என் பரிந்துரை. 56 சதுர மீட்டருக்கு அது 110 லிட்டர். கடைகளில் கிடைக்கும் முதல் மழை கழிப்பான் பல வெறும் பத்தடி நீளக் குழாய்தான். நாலு அங்குலக் குழாய் மீட்டருக்கு எட்டு லிட்டர் சொச்சம்தான் பிடிக்கும். பத்தடிக்கு 25 லிட்டர். அது நமக்குப் பற்றாது. மலிவான வழி, 100 லிட்டர் பிளாஸ்டிக் ட்ரம் ஒன்றை இறக்குக் குழாயில் ‘டீ’ எனப்படும் மூன்று வாய் இணைப்பு போட்டு இணைப்பது. இரண்டு இறக்குக் குழாயையும் கீழே ஒன்றாகச் சேர்த்துவிட்டால் ஒரு ட்ரம் போதும். முதல் தண்ணீர் ட்ரம்மில் விழும். அது நிரம்பிய பிறகு வருவது தானாகத் தொட்டிப் பக்கம் திரும்பும். ட்ரம்மின் அடியில் சின்ன வால்வு வைத்துச் சொட்டுச் சொட்டாக வடியவிட்டால் அடுத்த மழைக்குள் காலியாகிவிடும். அந்தத் தண்ணீர் வாழைக்கோ முருங்கைக்கோ போகட்டும்.

கழித்தது போதுமா என்று சந்தேகம் இருந்தால் ஒரு டிடிஎஸ் மீட்டரை வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று அது காட்டும். சுத்தமான கூரையிலிருந்து வரும் மழைநீர் நூறைத் தாண்டாது. இருநூறு, முந்நூறு காட்டினால் கூரையில் இன்னும் உப்பு இருக்கிறது. குடிநீருக்கான இந்தியத் தர அளவு 500. வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 2,000 வரை ஏற்கலாம் என்கிறது அதே தரம்.

வடிகட்டி

ட்ரம்முக்கும் தொட்டிக்கும் நடுவில் ஒரு 200 லிட்டர் பேரல். அடியில் பெரிய ஜல்லி, அதன் மேல் சின்ன ஜல்லி, வலை, கரித்துண்டு, மறுபடி வலை, மேலே ஓர் அடி கழுவிய ஆற்று மணல். இவ்வளவுதான்.

கடற்கரை மணலை அள்ளிப் போடாதீர்கள். உப்பும் சிப்பித் தூளும் கலந்தது, எவ்வளவு கழுவினாலும் தண்ணீரைக் கடினமாக்கும். தவிர அங்கே மணல் அள்ளுவதே சட்டப்படி குற்றம். பவளக் கல்லும் அப்படித்தான். பழைய வீடுகளின் சுவரில் இருக்கிறதே, நாமும் நாலு துண்டு எடுத்து வடிகட்டியில் போடலாம் என்று நினைக்க வேண்டாம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் பவளம் இருக்கிறது. புலிக்கு உள்ள அதே பட்டியல். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்வாழ் தேசியப் பூங்கா. வனத்துறை இதில் விளையாடாது.

தொட்டி: செலவும் கவனமும் இங்கே

முதல் கேள்வி, மேலேயா கீழேயா. கடலோரத் தாழ்நிலத்தில் தரைக்கு மேல் என்பதே என் பதில். தரைக்குள் கட்டும் சம்ப்பில் மூன்று ஆபத்து உண்டு. விரிசல் விட்டால் சுற்றியுள்ள உப்புத் தண்ணீர் உள்ளே வரும், சுவை மாறும் வரை தெரியாது. பக்கத்துக் கழிவுத் தொட்டியின் கசிவும் அதே வழியில் வரும். மூன்றாவதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை: கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலேறி நிற்கும்போது சம்ப்பு காலியாக இருந்தால் அடியிலிருந்து வரும் உந்துதலில் அது தூக்கிக்கொண்டு வெடிக்கும். மேட்டுமனை, கிணற்றில் தண்ணீர் ஆழத்தில் நிற்கும் இடம் என்றால் சம்ப்பு கட்டலாம். அங்கும் மூடியின் விளிம்பு தரையிலிருந்து ஓர் அடியாவது உயர்ந்திருக்க வேண்டும்.

தரைக்கு மேல் என்றால் வழி இரண்டு. 2,000 லிட்டர் சின்டெக்ஸ் நாலு வாங்கி அடியில் குழாயால் இணைப்பது எளிது. ஒன்று பழுதானால் அதை மட்டும் மூடிவிடலாம். எட்டடி விட்டம், ஆறடி உயரத்தில் பெரோசிமெண்ட் தொட்டி (கம்பி வலையின் மேல் சிமெண்ட் கலவை பூசியது) ஒன்று கட்டினால் அதே 8,000 லிட்டர் பிடிக்கும், தண்ணீரும் குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் அதில் ஒரு கண்டிப்பு: கலவைக்கும் நீராற்றுவதற்கும் நல்ல தண்ணீர் மட்டுமே. கொத்தனார் பக்கத்து போரிலிருந்து (ஆழ்துளைக் கிணறு) உப்புத் தண்ணீரை இறைத்து ஊற்றினால், கம்பி வலை உள்ளிருந்தே துருப்பிடித்து சில ஆண்டில் சுவர் உரியும். கலவை சிமெண்ட் ஒன்றுக்கு மணல் மூன்று, மணல் ஆற்று மணல் அல்லது கழுவிய எம்-சாண்ட். இதைச் சொல்லிவிட்டால் போதாது, பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

நிரம்பிய தொட்டி எட்டு டன். வெறும் மணலில் வைத்தால் ஒரு பக்கம் சாயும். மணலைத் தண்ணீர் விட்டு இறுக்கி, மேலே கான்கிரீட் மேடை போடுங்கள். குடம் வைத்துப் பிடிக்கும் உயரத்துக்கு மேடை இருந்தால் மோட்டாரே தேவையில்லை. குழாயை அடியிலிருந்து ஒரு சாண் மேலே பொருத்துங்கள், வண்டல் கீழேயே தங்கிவிடும். தொட்டிக்குள் வெளிச்சம் போகக் கூடாது, போனால் பாசி. உள்ளே வரும் குழாய் எவ்வளவு பெரிதோ அதே அளவு வழிகுழாயும் பெரிதாக இருக்க வேண்டும். எல்லா வாயிலும் கொசு வலை. டெங்கு பரப்பும் கொசு நல்ல தண்ணீரைத்தான் தேடி வரும். புயல் எச்சரிக்கை வந்தால் பிளாஸ்டிக் தொட்டியைக் காலியாக விடாதீர்கள், மேடையோடு பட்டை போட்டுக் கட்டுங்கள்.

வழிவது மண்ணுக்கு

தனுஷ்கோடியில் கடலிலிருந்து சில அடி தள்ளி மணலைக் கையால் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். பார்த்தவர்கள் அதிசயம் என்பார்கள். மழைநீர் இலேசு, கடல்நீர் கனம். மணலுக்குள் இறங்கிய மழைநீர், தண்ணீர் மேல் எண்ணெய் மிதப்பதுபோல உப்பு நீரின் மேல் தங்கி நிற்கிறது. 19-ஆம் நூற்றாண்டு முடிந்து 20-ஆம் நூற்றாண்டு தொடங்கிய காலத்தில் கைபன், ஹெர்ஸ்பெர்க் என்ற இருவர் தனித்தனியாகப் போட்ட கணக்கு ஒன்று உண்டு: நல்ல தண்ணீர் கடல் மட்டத்துக்கு ஓர் அடி மேலே நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி வரை அது இருக்கும். இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். இறைத்து இறைத்து மேலே ஓர் அடி குறைந்தால் கீழே உப்பு 40 அடி ஏறி வரும். நேற்று வரை நல்ல தண்ணீர் தந்த போர், ஆழம் கூட்டியதும் உப்பாவதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே தொட்டியின் வழிநீரை ஆழ்துளைக் கிணற்றுக்குள் விடாதீர்கள். ஆழத்தில் உப்பு நீரோடு கலந்து வீணாகும். உறைக் கிணறு இருந்தால் அதற்குள் வடிகட்டி வழியாக விடுவதே சிறந்தது. கிணறு இல்லையென்றால் ஆழமில்லாத குழி: மூன்றடிக்கு மூன்றடி, நாலடி ஆழம், உடைத்த செங்கல்லும் ஜல்லியும், மேலே மணல். தங்கச்சிமடம், பாம்பன் மணலில் இது ஒரு நொடியில் குடிக்கும். உள்ளே தள்ளி, கண்மாய்ப் பாசனப் பக்கத்துக் களிமண்ணில் கதை வேறு. குழி எடுக்குமுன் ஓரடிக்கு ஓரடி தோண்டி ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் அங்கே குழி வெட்டுவது வீண்; வழிநீரை ஊருணிக்குப் போகும் வாய்க்காலில் சேர்த்துவிடுங்கள்.

கழிவுத் தொட்டிக்கும் குழிக்கும் 50 அடி இடைவெளி வேண்டும். மூன்று சென்ட் மனையில் அது நடக்காது. அப்படிப்பட்ட மனையில் தொட்டியைப் பெரிதாக்கி, குழியை வாசல் பக்கத்து எதிர் மூலைக்குத் தள்ளி, அந்த மனைக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்காமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

சட்டம் என்ன சொல்கிறது

‘மழைத் தண்ணீரைப் பிடிக்க அனுமதி வாங்க வேண்டுமா?’ வேண்டாம். 1882-ஆம் ஆண்டு இந்திய வசதியுரிமைச் சட்டத்தின் 7-ஆம் பிரிவிலேயே, வரையறுத்த வாய்க்காலில் ஓடாத மேற்பரப்பு நீரைத் தன் எல்லைக்குள் சேகரித்துக்கொள்வது நில உரிமையாளரின் உரிமை என்று எடுத்துக்காட்டாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது. உங்கள் கூரையில் விழுவது உங்களுடையது. ‘வரையறுத்த வாய்க்கால்’ என்ற சொற்களைக் கவனியுங்கள். மனை வழியாக ஊருணிக்கோ கண்மாய்க்கோ போகும் வரத்துக் கால்வாய் ஓடினால் அது ஊர்த் தண்ணீர். அணை போட்டு உங்கள் தொட்டிக்குத் திருப்ப முடியாது. ஏரி, கண்மாய் ஆக்கிரமிப்புகளை அகற்ற 2007-இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது.

பிடிக்கலாம் என்பது மட்டுமல்ல, தமிழ்நாட்டில் பிடித்தே ஆக வேண்டும். 2003 ஜூலையில் ஜெயலலிதா ஆட்சியில் வந்த அவசரச் சட்டம், புதிய கட்டடம் பழைய கட்டடம் என்ற வேறுபாடு இல்லாமல் எல்லாவற்றுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. ஆகஸ்ட் இறுதி என்று வைத்த கெடு பிறகு அக்டோபர் வரை நீண்டது. அமைக்காவிட்டால் உள்ளாட்சி நோட்டீஸ் கொடுத்துத் தானே அமைத்து, செலவைச் சொத்து வரிபோல வசூலிக்கலாம்; குடிநீர் இணைப்பையும் துண்டிக்கலாம். நோட்டீஸ் உரிமையாளருக்கு மட்டுமல்ல, குடியிருப்பவருக்கும் வரலாம் என்பதால் வாடகை வீட்டில் இருப்பவர்கள் ஒப்பந்தத்திலேயே இது யார் செலவு என்று எழுதிக்கொள்வது நல்லது. இப்போது புது வீடு கட்டுவோருக்கு 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் பொருந்தும். அதிலும் இது உண்டு. 2,500 சதுர அடிக்குள்ளான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டுவோர் 2024 முதல் சுயசான்றில் உடனடி அனுமதி பெறலாம். யாரும் வந்து பார்க்கவில்லை என்பதற்காகக் கடமை நீங்காது. விதிகளின் அளவுகள் பெரும்பாலும் நிலத்துக்குள் விடுவதைப் பற்றியே பேசுவதால், தொட்டியோடு வழிநீர்க் குழியையும் வரைபடத்தில் காட்டிவிடுங்கள்.

போக வேண்டிய அலுவலகம்: ராமேஸ்வரம், கீழக்கரை என்றால் நகராட்சி; மண்டபம், தொண்டி, சாயல்குடி பேரூராட்சி; பாம்பன், தங்கச்சிமடம், பெரியபட்டினம் போன்றவை ஊராட்சி.

கடலை ஒட்டியவர்களுக்கு இன்னொன்று. 2011-ஆம் ஆண்டு கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைப்படி, உயர் அலைக் கோட்டிலிருந்து (கடல் ஏற்றத்தின்போது தண்ணீர் எட்டும் எல்லை) 200 மீட்டருக்குள் நிலத்தடி நீர் எடுக்கத் தடை. அங்கேயே வாழும் உள்ளூர் மக்கள் தங்கள் தேவைக்கு எடுக்கலாம். 200 முதல் 500 மீட்டர் வரை வேறு நீராதாரம் இல்லாதபோது சாதாரணக் கிணற்றிலிருந்து கையால் இறைக்க மட்டும் அனுமதி. கூரை மழைநீர் நிலத்தடி நீர் அல்ல, ஆகவே தடை அதைத் தொடாது. ஆனால் புதிதாகச் சிமெண்ட் தொட்டி எழுப்புவது கட்டுமானம். மணல் மேட்டைச் சமன் செய்வதற்கும் தடை உண்டு. 2019-இல் புதிய அறிவிக்கையும் வந்திருக்கிறது. கரைக்கு மிக அருகில் இருப்பவர்கள் கட்டுமுன் உள்ளாட்சியில் கேட்டுவிடுங்கள், அல்லது பிளாஸ்டிக் தொட்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டு விவகாரம் கடைசி. உங்கள் கூரைத் தண்ணீரும் வழிகுழாயும் அவர்கள் மனையில் விழக் கூடாது. இருபது ஆண்டு தடையின்றி அப்படி விழுந்துகொண்டிருந்தால் அது உரிமையாகவே ஆகிவிடும் என்பதால், இப்போது சொல்லாதவர் பிறகு வழக்குப் போட்டும் பயனிருக்காது. குழாயைத் திருப்புவது இருவருக்கும் மலிவு.

குடிப்பதற்கு முன்னும், ஆண்டு முழுவதும்

கொதிக்கவைத்துக் குடிப்பது எளிய வழி. தொட்டியிலேயே மருந்து போட வேண்டுமென்றால் 1,000 லிட்டருக்கு இரண்டரை முதல் நாலு கிராம் பிளீச்சிங் பவுடர். ஒரு வாளியில் கரைத்துத் தெளியவிட்டு, தெளிந்த தண்ணீரை மட்டும் ஊற்றி, அரை மணி நேரம் கழித்துப் பயன்படுத்துங்கள். பழைய பவுடர் வீரியம் இழந்திருக்கும், புதிது வாங்குங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் ஆண்டுக்கு ஒரு முறை தண்ணீரைக் கொடுத்துச் சோதித்தால் கிருமி இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். டிடிஎஸ் மீட்டர் அதைக் காட்டாது.

ஆவணியில் வடிகட்டி மணலை வெளியே எடுத்துக் கழுவி வெயிலில் காயவையுங்கள், கரியை மாற்றுங்கள். புரட்டாசியில் தளம், குழாய், வலை. தொட்டியில் மிச்சமிருக்கும் தண்ணீரைப் புது மழை வரும் என்ற நம்பிக்கையில் முழுக்கக் கொட்டிவிடாதீர்கள். பருவமழை தாமதித்த ஆண்டுகள் உண்டு. இரண்டு நல்ல மழை பெய்து கூரை கழுவப்பட்ட பிறகு, மிச்சத்தை இறக்கி, வண்டலைத் தேய்த்து எடுத்துவிட்டு நிரப்புங்கள். மார்கழி கடைசியில் தொட்டி நிரம்பியிருக்கும்போது உள்வரும் குழாயை மூடிவிட்டால், தைக்குப் பிறகு எப்போதாவது பெய்யும் சிறு தூறல் கூரை அழுக்கை உள்ளே கொண்டுவராது. கோடையில் ஒரு பெருமழை வந்தால் மட்டும் திறந்துவிடுங்கள், ட்ரம் காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு.